டேக் கெடுக்காத குழந்தை

ஸ்டுடியோவில் பாட்டைப் பதிய டேக் எடுக்கும்போது ஏ.சி.யை அணைத்துவிடுவார்கள். அதன் இரைச்சல் மைக்கில் விழும். அணைத்ததும் ஹாலில் ஓர் அமைதி வரும். வீட்டில் எவ்வளவு அமைதியாக இருந்தாலும் தூரத்தில் ஓர் ஆட்டோ, பக்கத்து வீட்டுக் குழாய், ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்கும். இங்கே ஒன்றுமே இருக்காது. சுவரெல்லாம் ஓட்டை போட்ட பலகை, அதன் பின்னால் பஞ்சு, தரையில் கம்பளம், வாசலில் இரட்டைக் கதவு. நம் மூச்சும், காதுக்குள் நம் ரத்தம் ஓடுவதும்தான் கேட்கும். புதிதாக வருகிறவர்கள் அந்த நேரத்தில் காரணமில்லாமல் தொண்டையைச் செருமிக்கொள்வார்கள். எனக்கு அந்த அமைதி ஒருநாளும் பழகவில்லை. ஏதோ நடக்கப் போகிறது, எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது என்பது போல இருக்கும். என் மகள் தன் முதல் வருடத்தின் பகல்களில் பாதியை அந்த ஹாலில்தான் கழித்தாள்.

கம்பெனி என்றுதான் நாங்கள் சொல்வோம். பக்திப் பாட்டுக் கேசட் போடுகிற கம்பெனி. முதலாளியின் குடும்பம் பல காலமாகப் பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம், அவர் அப்பா அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். இவர் மட்டும் மார்க்கெட் பக்கம் கேசட் கடை வைத்து, பிறகு தானே கேசட் போட ஆரம்பித்தார். முதல் கேசட்டை வாடகை ஸ்டுடியோவில் ஒரே பகலில் எடுத்ததாக ஒவ்வொரு புதுப் பாடகரிடமும் சொல்வார். ட்ராக் பிரித்து எடுக்கிற வசதி அப்போது அவருக்குக் கிடையாது. பாடுகிறவர், வாசிக்கிறவர், கோரஸ் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் முடிக்க வேண்டும். ஒருவர் தப்புச் செய்தால் எல்லோருக்கும் முதலிலிருந்து.

பிறகு எட்டு ட்ராக் மெஷின் வாங்கினார். ஓசூர் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில் தன் வீட்டு மாடியிலேயே ஸ்டுடியோ கட்டினார். தனித்தனியாக எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒலிப்பதிவு செய்கிற எஞ்சினியர் சார் எத்தனையோ முறை சொல்லியும், அம்மன் பாட்டை மட்டும் முதலாளி பழைய முறையிலேயே எடுக்கச் சொன்னார். "பம்பையும் கோரஸும் ஒண்ணா மூச்சு விடணும். பிரிச்சு எடுத்தா சாமி வராது" என்பார். அதனால் ஹாலில் யாராவது தும்மினால் பாட்டு போய்விடும்.

நான் நீலசந்திராவில் இருந்தேன். டிகிரி முடித்து, கொஞ்சம் பாட்டும் கற்றிருந்தேன். எங்கள் தெருவில் இருந்த ஓர் அக்கா அங்கே கோரஸில் மூத்தவர், அவர்தான் என்னைக் கல்யாணத்துக்கு முன்பே அழைத்துப் போனார். வாசலில் ஓர் எவர்சில்வர் சட்டி இருக்கும். வளையல், கொலுசு எல்லாவற்றையும் கழற்றி அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பட்டுப்புடவை சரசரக்கும் என்பதால் நூல் புடவைதான். முதல் பாட்டு எந்தச் சாமிக்காக இருந்தாலும் அதற்கு முன் பிள்ளையாருக்கு இரண்டு வரி ரெகார்ட் செய்வோம். கற்பூரத்தை வெளியே வாசலில் ஏற்றுவார்கள். புகை மெஷினுக்கு ஆகாது.

எங்கள் காலண்டர் ஊர்க் காலண்டருக்கு முன்னால் ஓடும். ஆடி மாத அம்மன் பாட்டைச் சித்திரை வெயிலில் பாடுவோம், ஐயப்பன் பாட்டை ஆவணியில். ஊரில் திருவிழா வரும்போது எங்களுக்கு அது முடிந்த கதை. கோயில் வாசலில் எங்கள் குரலையே ஒலிபெருக்கியில் கேட்டபடி, இந்த வரியில் யார் இருமினார்கள், ஏன் மறுபடி எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டே கும்பிடுவேன்.

மகள் பிறந்து மூன்று மாதத்தில் திரும்ப வரச் சொன்னார்கள். வீட்டில் பார்த்துக்கொள்ள யாருமில்லை. கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாமியார் அத்திபெலேயில் பெரிய மகன் வீட்டில் இருந்தார். குழந்தையோடு எப்படி என்று கேட்டேன். "கூட்டிட்டு வாங்கம்மா, ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார் முதலாளி, தன் கன்னடம் கலந்த தமிழில். டேக்கின்போது கீழே தன் வீட்டில் விட்டுக்கொள்ளலாம் என்பது அவர் யோசனை.

நான் திரும்பிப் போனதும் எடுத்த அம்மன் பாட்டு நீளமானது. முதல் நாள் முழுக்க அது அமையவில்லை. ஒரு தடவை கரண்ட் போனது, ஒரு தடவை பம்பைத் தோல் தளர்ந்தது, ஒரு தடவை எனக்கே மூச்சுப் பிடித்துவிட்டது. மறுநாள் கீழ் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. குழந்தையை ஹால் மூலையில், மடித்த ஜமக்காளத்தின் மேல் படுக்கவைத்தேன். அழுதுவிடுவாளோ என்று அவளையே திரும்பிப் பார்த்தபடி மைக் முன்னால் நின்றேன். பம்பை விழுந்தது. அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். பாட்டு முதல் டேக்கிலேயே ஓகே ஆனது.

பம்பைக்காரர் அத்திபெலேயிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். வியர்வையைத் துடைத்துக்கொண்டு குழந்தையைக் குனிந்து பார்த்தார். "நான் அடிச்சா எங்க தெரு நாய் அடுத்த ஊருக்கு ஓடும். இது அசையுதா பாருங்க."

"தாளத்துக்கு நடுவுல தூங்கறவன்தான் அசல் உஸ்தாத்" என்றார் டோலக் வாசிக்கிற பாய். "தங்கச்சி, இவளை என்கிட்ட விட்டுடு."

"உங்ககிட்ட விட்டா பீடிதான் கத்துக்குவா" என்றார் அக்கா.

முதலாளி கன்ட்ரோல் ரூம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்தார். குழந்தையின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ராசிக்காரி" என்றார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. எந்தத் தாய்க்குத்தான் இருக்காது.

அதிலிருந்து அது வழக்கமானது. அம்மன் பாட்டு என்றால் என்னைவிடக் குழந்தை முக்கியம். வீட்டுக்கு ஆட்டோ அனுப்புவார்கள். புது டேப் ஸ்பூலைப் பெட்டியிலிருந்து எடுத்தால், மெஷினில் மாட்டுவதற்கு முன் முதலாளி அதை அவள் முன்னால் நீட்டுவார். நான் அவள் உள்ளங்கையைப் பிடித்து அதன் மேல் வைப்பேன். டேக் ஓகே ஆனால் "பாத்தீங்களா" என்பார். ஆகாவிட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் அப்படி அதிகம் நடக்கவுமில்லை. ஒரு முறை அவளுக்குச் சளி என்று வீட்டில் இருந்துவிட்டேன். அன்று ஒரு பாட்டும் அமையவில்லை என்று அக்கா வந்து சொன்னார். அந்தக் குரலில் கொஞ்சம் குற்றச்சாட்டு இருந்தது.

முதல் மாதங்களில் டேக்குகளுக்கு நடுவே அவள் ங்கா, ங்கா என்று பேசுவாள். எட்டு மாதம் ஆகும்போது அது குறைந்தது. பிறகு அநேகமாக நின்றது. விழித்திருந்தாலும் சத்தமில்லாமல் எங்கள் வாய்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"ஸ்டுடியோ ஒழுக்கம் வந்துடுச்சு பாரு" என்றார் அக்கா. "நம்ம ஆளுங்க பத்து வருஷமா கத்துக்கல."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ஆட்டோக்காரர் ஓயாமல் ஹாரன் அடித்தார். மடியில் இருந்த குழந்தை அவருடைய சட்டைக் காலரையே பார்த்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் முதன்முதலாக எனக்குள் ஏதோ சில்லென்று இறங்கியது. உடனே அதை விரட்டினேன். நான் எதற்கும் பயப்படுகிறவள். இதற்கும் பயப்படுகிறேன், அவ்வளவுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

கணவரும் அதையேதான் சொன்னார். "நீ கேஸை மூடினோமான்னு பஸ் ஸ்டாப்லேர்ந்து திரும்பி வர்ற ஆளு. உன் பேச்சைக் கேட்டா ஊர்ல ஒரு குழந்தையும் நல்லா இருக்காது." கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது வேடிக்கை. அவர் கதவைப் படாரென்று சாத்தினார். குழந்தை திரும்பியது. "பாத்தியா?"

பார்த்தேன். கதவு சாத்தினால் எங்கள் வீட்டில் தரையே அதிரும், வெளிச்சம் மாறும் என்பதையும் பார்த்தேன். சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வந்த மாமியாரிடம் மெதுவாகச் சொன்னேன். "உன் புருஷன் மூணு வயசு வரைக்கும் வாயே தொறக்கல" என்றார். "இப்ப மூடறானா?"

தெருமுனை டாக்டர் குழந்தையின் முகத்துக்கு முன்னால் விரலைச் சொடுக்கினார். அவள் விரலைப் பார்த்தாள். "கேக்குதே" என்றார். அவர் விரலை எங்கே வைத்துச் சொடுக்கினார் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன். படித்த டாக்டர் சொன்ன பிறகும் சந்தேகப்படுவது சரியா என்றும் யோசித்தேன். மறுபடி போய்க் கேட்க வெட்கமாக இருந்தது.

கன்ட்ரோல் ரூமிலிருந்து எஞ்சினியர் சார் பேசுவது ஹாலில் மேல் மூலையில் மாட்டிய ஸ்பீக்கரில் வரும். டாக்பேக் என்போம். முதல் தடவை வருகிற யாரும், எவ்வளவு பெரிய பாடகராக இருந்தாலும், அந்தக் குரல் வந்ததும் திடுக்கிட்டு மேலே பார்ப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, குரல் கூரையிலிருந்து வந்தால் யார்தான் பார்க்க மாட்டார்கள். என் மகள் பார்த்ததே இல்லை. பிறந்ததிலிருந்து பழகிவிட்டது என்று எனக்கு நானே விளக்கம் வைத்திருந்தேன். எனக்கு எல்லாவற்றுக்கும் இரண்டு விளக்கம் இருந்தது.

அவளுக்கு ஒரு வயது ஆகப்போகிற சமயம். டேக் முடிந்து பாட்டைப் போட்டுக் கேட்கலாம் என்று ஹால் ஸ்பீக்கரைப் பெரிதாக வைத்த சார், எங்கள் மைக்கை மூட மறந்துவிட்டார். மைக்கும் ஸ்பீக்கரும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு ஊளையிட ஆரம்பித்தன. அப்படியொரு சத்தத்தை நான் அதற்கு முன்போ பின்போ கேட்டதில்லை. மண்டைக்குள் ஊசி போவதுபோல் இருந்தது. அக்கா காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாய் டோலக்கை விட்டுவிட்டார். பம்பைக்காரர் முகத்தைச் சுளித்து இரண்டு காதையும் அடைத்தார். நானும் பொத்திக்கொண்டேதான் குழந்தையின் பக்கம் திரும்பினேன்.

அவள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் அக்காவைப் பார்த்தாள். பிறகு பாயை. பிறகு என்னை. எங்கள் எல்லோருடைய கையும் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். அதன் பிறகு, சத்தம் நின்று சார் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்த பிறகு, தன் இரண்டு கைகளையும் மெதுவாகத் தூக்கிக் காதின் மேல் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

ஹாலே சிரித்தது. "பாருடா, ராசிக்காரிக்கே காது வலிச்சிடுச்சு" என்றார் முதலாளி. அக்கா ஓடிப்போய் அவளைத் தூக்கி முத்தம் கொடுத்தார். "பயந்துட்டியா கண்ணு? பயந்துட்டியா?"

அத்தனை பேருக்கும் அவளுக்குக் காது கேட்கிறது என்பதற்கு அன்று சாட்சி கிடைத்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் நான் அக்காவிடமிருந்து அவளை வாங்கிக்கொண்டேன்.

பிறகு வந்த நாட்களில் வீட்டில் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். திரும்பாவிட்டால் விளையாட்டில் கவனம் என்று நினைத்துக்கொள்வேன். திரும்பினால் என் நிழலைப் பார்த்திருப்பாளோ என்று தோன்றும். இரண்டிலும் எனக்கு நிம்மதி கிடைக்கவில்லை. கடைசியில் எஞ்சினியர் சாரிடம் போனேன். அவர் அதிகம் பேசாதவர், டிப்ளமா படித்துவிட்டு ரேடியோ ரிப்பேரிலிருந்து இதற்கு வந்தவர். மதியம் மற்றவர்கள் சாப்பிடக் கீழே போயிருந்தார்கள். அவர் எப்போதும் மெஷின் பக்கத்திலேயே டப்பாவைத் திறப்பார்.

"சார், ஒரு உதவி."

"சொல்லுங்கம்மா."

"பாப்பாவுக்குக் காது கேக்குதான்னு பாக்கணும். இங்க வச்சு."

அவர் மெல்வதை நிறுத்தினார். "நான் டாக்டர் இல்லம்மா."

"டாக்டர் கண்ணு முன்னாடி விரலைச் சொடுக்கிப் பாத்தார் சார்."

அவர் டப்பாவை மூடி வைத்தார். ஒவ்வொரு ஸ்பூலின் தொடக்கத்திலும் மெஷினைச் சரிபார்க்க ஒரு பீப் சத்தம் பதித்து வைத்திருப்பார்கள். நீளமான, ஏற்ற இறக்கமே இல்லாத சத்தம். அதை ஹால் ஸ்பீக்கரில் சின்னதாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறேன் என்றார். "ஸ்பீக்கர் அவ முதுகுப் பக்கம் இருக்கட்டும். தரை அதிராம இருக்க ஜமக்காளத்தை நல்லா மடிச்சுப் போடுங்க. நீங்க எதிர்ல உக்காருங்க. அவளைத் தொடக் கூடாது. முக்கியமா உங்க முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ உங்களைப் பாத்துச் செய்வா."

எங்களைப் பார்த்து அவள் காதைப் பொத்திக்கொண்டதை அவரும் அன்றைக்குப் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குழந்தை கையில் ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து உட்காரவைத்தேன். ஏ.சி.யை அணைத்தார். அந்த அமைதி வந்தது. பிறகு மிக மெல்லியதாக அந்தச் சத்தம் ஆரம்பித்தது. அவள் பிஸ்கட்டின் ஓரத்தை நக்கினாள். சத்தம் கூடியது. பிஸ்கட்டை மைக் ஸ்டாண்டின் கால் மேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். சத்தம் இன்னும் கூடியது. என் பற்களில் அதை உணர்ந்தேன். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்துவிட்டு பிஸ்கட்டுக்குத் திரும்பினாள். இன்னும் கூடியது. என் கண்ணில் நீர் வந்துவிட்டது, அது வலியாலா வேறெதனாலா என்று தெரியவில்லை. திரும்பு, ஒரே ஒரு தடவை திரும்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, வாயில் அந்தச் சிரிப்பை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

எப்போது நிறுத்தினார் என்று எனக்கு உடனே தெரியவில்லை. காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. எப்போதும் டாக்பேக்கிலேயே பேசுகிறவர், அன்று இரண்டு கதவையும் திறந்துகொண்டு நடந்து வந்தார்.

"ஒருவேளை பிஸ்கட்ல கவனமா இருந்திருப்பா சார். மணிச் சத்தம் மாதிரி ஏதாவது வச்சுப் பாக்கலாமா?"

"வேணாம்மா."

"கொஞ்சமா."

"இந்த ரூம் மட்டும் இப்படிக் கட்டலன்னா, இப்ப நான் வச்ச சத்தத்துக்குத் தெருவே மேல ஏறி வந்திருக்கும்." அவர் குழந்தையைப் பார்க்காமல் சொன்னார். "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. நாளைக்கே."

மதியம் இரண்டு பாட்டு பாக்கி இருந்தது. அப்போதே கிளம்பிப் போயிருக்கலாமே என்று பிறகு பலரும் கேட்டார்கள். மூன்று குரல் கோரஸில் ஒரு குரல் குறைந்தால் எல்லோருக்கும் அன்றைய நாள் வீண். அப்படித்தான் நான் வளர்க்கப்பட்டிருந்தேன். முதலாளி புது ஸ்பூலோடு வந்தார். நான் மகளின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தேன். வெளியே எங்கோ லாரி போகிற அதிர்வு காலடியில் வந்து மறைந்தது. பம்பை விழுந்தது. அவளால் இதுவரை ஒரு டேக்கும் கெடாததற்குக் காரணம் என்ன என்று அந்த ஹாலில் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்திருந்தது. நான் பாடினேன். ஓகே ஆனது.

"பாத்தீங்களா" என்றார் முதலாளி.

ஆஸ்பத்திரியில் அவளைத் தூங்கவைத்து, தலையில் ஒயர்களை ஒட்டிப் பரிசோதித்தார்கள். இரண்டு காதிலும் கடுமையான குறை என்றார்கள். கணவர் வெளியே வந்து ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமல் வெகுநேரம் அதன் மேல் கைவைத்து நின்றிருந்தார். அதற்கு முன் நான் டாக்டரிடம் ஒன்று கேட்டேன். பெரிய சத்தத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால் வந்திருக்குமா? பிறவியிலேயே இப்படித்தான் இருந்திருக்கும் என்றார். மறுபடி கேட்டேன். பொறுமையாக மறுபடி அதையே சொன்னார். இருந்தாலும் ஏதாவது ஒரு பம்பைச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் அந்தக் கேள்வி எனக்குள் எழுந்து உட்காரும்.

கம்பெனியில் நானே சொன்னேன். அக்கா அழுதார். "நாங்க எல்லாரும் புகழ்ந்து புகழ்ந்துதான் கண்ணு பட்டுடுச்சு" என்று மிளகாய் சுற்றிப் போடச் சொன்னார். முதலாளி கெட்டவரில்லை. முதலில் நம்ப மறுத்தார். பிறகு தனக்குத் தெரிந்த கோயில்களைச் சொன்னார். அடுத்த ரெகார்டிங்கில் புது ஸ்பூலைத் தானே பிரித்து, யாரிடமும் நீட்டாமல் நேராக மெஷினுக்குக் கொண்டுபோனார். அவள் கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது விளையாட்டாகப் பழகியிருந்தது.

காது மெஷின் வந்தது அவளுடைய ஒன்றரை வயதில். நெஞ்சில் தைத்த துணிப்பைக்குள் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒயர், ஒயரின் நுனியில் காதுக்குள் வைக்கிற அச்சு. பயிற்சி கொடுத்த டீச்சர் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார். "விழிச்சிருக்கற நேரமெல்லாம் போட்டிருக்கணும். உங்களுக்கு வசதியா இல்லைன்னு கழட்டினீங்கன்னா அவ மூளை கேக்கறதை விட்டுடும். இப்பவே லேட்." அந்த லேட் என்ற சொல்லை நான் எங்கே போனாலும் கூடவே கொண்டுபோனேன்.

மறுபடி சித்திரை, மறுபடி அம்மன் பாட்டு. அவளைப் பார்த்துக்கொள்ள அப்போதும் யாருமில்லை. ஏ.சி.யை அணைத்தார்கள். பாடகர் மூச்சை இழுத்தார். முதல் வரி பாதியில் இருக்கும்போது, கொசுவைவிடக் கூர்மையாக ஒரு விசில் சத்தம் ஹாலில் கிளம்பியது.

"கட்" என்றது டாக்பேக். "அது என்ன சத்தம்?"

ஆளாளுக்குத் தேடினார்கள். பாய் டோலக்கைத் தட்டிப் பார்த்தார். ஒவ்வொரு மைக்காக மூடித் திறந்தார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. காதில் அச்சு தளர்ந்தால் அந்தப் பெட்டி விசிலடிக்கும். அச்சை அழுத்தி வைத்தேன். மறுபடி ஆரம்பித்தோம், மறுபடி விசில். இந்த முறை எல்லோரும் சத்தத்தைப் பின்தொடர்ந்து மூலையில் அவளிடம் வந்து நின்றார்கள்.

"பெட்டியை ஆஃப் பண்ணிட்டா வராதும்மா" என்றார் சார் மெதுவாக.

"டேக் முடியற வரைக்கும்தானே" என்றார் முதலாளி. "பேகா பேகா, சீக்கிரமா எடுத்துடலாம். கேசட் ஆடிக்கு வரணும்மா."

ஸ்விட்சை அணைத்தேன். அது சட்டைப் பித்தானைவிடச் சின்னது. பாட்டு ஆரம்பித்தது. நான் மைக்கைப் பார்த்துப் பாட வேண்டும், ஆனால் கண் அவள் மேலேயே இருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். துணிப்பையின் மேல் விரலால் தட்டினாள். இன்னொரு முறை தட்டினாள். பிறகு அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். போய்விட்டது என்று சொல்கிறாள்.

அதுவரை அந்தப் பெட்டி அவளுக்கு ஏதாவது தருகிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.

அந்தப் பாட்டு ஓகே ஆனது. எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். நான் போய் ஸ்விட்சைப் போட்டேன். அடுத்த பாட்டுக்கு ஏ.சி.யை அணைக்கும்போது அக்கா என்னைப் பார்த்து, பெட்டியைக் கண்ணால் காட்டினார். சார் தலையைக் குனிந்து ஏதோ ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தார். முதலாளி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார், நேரமாகிறது என்று. நான் ஒருநாளும் யாரையும் காக்க வைத்தவளில்லை. ஸ்விட்ச் மேல் என் விரல் இருந்தது. அவள் என் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியாதுக்கா" என்றேன்.

"என்னம்மா முடியாது?" என்றார் அக்கா.

அவளைத் தூக்கிக்கொண்டு முதல் கதவைத் திறந்தேன், பிறகு இரண்டாவது கதவை. சட்டியில் கைவிட்டு என் வளையல்களைத் தேடினேன். அக்காவின் வளையலும் என்னுடையதும் ஒரே மாதிரி, எது யாருடையது என்று தெரியாமல் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டேன். பின்னால் கதவு மூடியது. உள்ளே என்ன பேசுகிறார்கள், திரும்பக் கூப்பிடுகிறார்களா, நான் இல்லாமலே ஆரம்பித்துவிட்டார்களா, ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கதவுகளைக் கட்டியதே அதற்காகத்தான்.

படி இறங்கித் தெருவுக்கு வந்ததும் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவள் உடம்பு என் தோளில் துள்ளியது. முகம் கோணி, வாய் பிளந்து, சத்தமாக அழ ஆரம்பித்தாள். காதிலிருந்து அச்சைப் பிடுங்கி எறிந்தாள். அது ஒயரில் தொங்கி விசிலடித்தது. அந்தச் சத்தம் அவளுக்கு எப்படி இருக்கிறது, வலிக்கிறதா, வெறும் பயமா, நான் செய்வது சரிதானா என்று கேட்க அங்கே யாருமில்லை. ஒரு கடைப் படியில் உட்கார்ந்தேன். அச்சைப் புடவையில் துடைத்து மறுபடி அவள் காதில் வைத்தேன். அவள் பிடுங்கினாள். மறுபடி வைத்து, இந்தத் தடவை அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.